கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பு மேலாண்மை

கட்டடம், பாலம், சுரங்கப்பாதை, மின்நிலையம் போன்றவற்றைக் கட்டும் இடங்களில் வேலை செய்பவர்கள் உயிரிழக்காமலும் ஊனமடையாமலும் நோய்க்கு ஆளாகாமலும் காப்பதற்கான திட்டமிடல், மேற்பார்வை, பயிற்சி, சட்ட அமலாக்கம் ஆகியவற்றின் தொகுப்பே கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பு மேலாண்மை. தலைக்கவசமும் பெல்ட்டும் இதில் கண்ணுக்குத் தெரியும் சிறு பகுதி. பெரும்பகுதி வரைபடத்திலும் எஸ்டிமேட்டிலும் ஒப்பந்தத்திலும் வேலை நாட்காட்டியிலும் இருக்கிறது. சாரத்தில் ஏறும் தொழிலாளி விழுவாரா, விழ மாட்டாரா என்பதில் பாதிக்கு மேல் அவர் ஏறுவதற்கு முன்பே, அவரை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களால் முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. இத்துறையின் நூறாண்டு அனுபவம் இதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

உலகெங்கும் கட்டுமானத் தளங்களில் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 பேர் விபத்தில் இறப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. வேலையிட விபத்து மரணங்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்று இந்தத் தொழிலில் நிகழ்கிறது. அந்த அமைப்பு கட்டுமானப் பாதுகாப்புக்கென 1937-இல் 62-ஆம் உடன்படிக்கையையும், அதற்கு மாற்றாக 1988-இல் 167-ஆம் உடன்படிக்கையையும் கொண்டுவந்தது. இக்கட்டுரை பெரும்பாலும் இந்தியாவையும், குறிப்பாகத் தமிழ்நாட்டையும் மையமாகக் கொண்டது.

தொழிலின் அமைப்பு

தொழிற்சாலையில் இயந்திரம் ஓரிடத்தில் நிற்கும். அதன் ஆபத்தும் அங்கேயே நிற்கும். ஒருமுறை வேலி போட்டுவிட்டால் பல ஆண்டுகளுக்குப் போதும். கட்டுமானத்தில் வேலையிடமே நாள்தோறும் மாறுகிறது. நேற்று ஆட்கள் நடந்த தரையில் இன்று குழி இருக்கும். நேற்று மூடியிருந்த லிஃப்ட் குழியின் பலகையை இன்று வேறு வேலைக்காக யாரோ எடுத்துப் போயிருப்பார்கள். எனவே பாதுகாப்பை ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டு ஓய முடியாது. ஒவ்வொரு காலையிலும் புதிதாகப் பார்த்தாக வேண்டும்.

ஒப்பந்தச் சங்கிலி இன்னொரு சிக்கல். உரிமையாளரிடமிருந்து பில்டருக்கு, பில்டரிடமிருந்து ஒப்பந்தக்காரருக்கு, அவரிடமிருந்து சென்ட்ரிங், கம்பி, பூச்சு, பெயின்டிங் எனத் தனித்தனி ஆட்களுக்கு, அவர்களிடமிருந்து மேஸ்திரிக்கு வேலை இறங்குகிறது. கொத்தனாரும் பெரியாளும் சித்தாளும் மேஸ்திரியைத்தான் அறிவார்கள். வேலை பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் பேசப்படுவதால் வேகம்தான் வருமானம். அகலமான, கைப்பிடியுள்ள சாரம் கட்ட ஒரு நாள் கூடுதலாகும் என்றால் அந்த நாளின் கூலி யாருடையது என்ற கேள்விக்கு இந்தச் சங்கிலியில் யாரிடமும் பதில் இருக்காது. ஒவ்வொருவரும் தமக்குக் கீழே உள்ளவரிடம் தள்ளுவார்கள். கடைசியில் அது, மறுத்துப் பேச வழியில்லாத நாள்கூலிக்காரரின் தலையில் வந்து நிற்கும்.

தமிழ்நாட்டின் பெரிய தளங்களில் இப்போது ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். மேற்பார்வையாளர் தமிழில் கத்தும் எச்சரிக்கை அவர்களுக்குப் புரிவதற்குள் நேரம் கடந்துவிடும். ஆகவே இங்கே மொழியையும் பாதுகாப்புக் கருவிகளில் ஒன்றாகக் கணக்கிட வேண்டும்.

விபத்துகள் நிகழும் விதம்

உயரத்திலிருந்து விழுதல், மேலிருந்து விழும் பொருளோ நகரும் வண்டியோ மோதுதல், மண்ணிலோ இடிபாட்டிலோ சிக்குதல், மின்சாரம் தாக்குதல் ஆகிய நான்கும் கட்டுமான மரணங்களின் முதன்மைக் காரணங்களாக உலகெங்கும் கருதப்படுகின்றன. இவற்றில் முதலிடம் விழுதலுக்கு. இரண்டு மாடி உயரமான 6 மீட்டரிலிருந்து விழுபவர் ஒரு நொடியைச் சற்றே தாண்டிய நேரத்தில் மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடைகிறார். கையை நீட்டி எதையாவது பற்றிக்கொள்ள அந்த நேரம் போதாது. தளத்தின் விளிம்பு, படிக்கட்டுக்காகவும் குழாய்களுக்காகவும் விட்ட திறப்புகள், லிஃப்ட் குழி, சன்ஷேடு, சாரம் ஆகியவையே விழும் இடங்கள். இவற்றில் எதுவும் எதிர்பாராதது அன்று. கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்தே எந்த மாதத்தில் எந்த விளிம்பு திறந்திருக்கும் என்று சொல்லிவிடலாம்.

சவுக்குக் கட்டையும் கயிறும் கொண்டு சாரம் கட்டுவது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். நல்ல கட்டையும் தேர்ந்த கையும் இருந்தால் அது எடையைத் தாங்கும். குறை பெரும்பாலும் கட்டையில் இருப்பதில்லை. நிற்கும் பலகையில்தான் இருக்கிறது. ஒற்றைப் பலகை, கட்டாத பலகை, முனை நீட்டிக்கொண்டிருக்கும் பலகை, கைப்பிடி இல்லாத ஓரம் ஆகியவையே ஆளைக் கீழே தள்ளுகின்றன. மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களோடு இணைக்கும் பாதுகாப்பு விதிகளின்படி 3.6 மீட்டருக்கு மேற்பட்ட சாரத்துக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் உயரக் கைப்பிடி வேண்டும். சாரங்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3696. தரநிலைகள் பல பத்தாண்டுகளாக அச்சில் இருக்கின்றன.

பெல்ட் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையை இங்கே விளக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை விழும் ஆளை நிறுத்தும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கக்கூடும்; அதனால்தான் முழு உடல் கவசப் பட்டை வந்தது. அதுவும் எல்லா இடத்திலும் காப்பாற்றிவிடாது. பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் கயிற்றின் நீளம் வழக்கமாக 1.8 மீட்டர். விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மடிப்பு விரிந்தால் இன்னும் 1.75 மீட்டர் வரை நீளும். அத்துடன் ஆளின் உயரத்தையும் சிறிது இடைவெளியையும் சேர்த்தால், கீழே சுமார் 6 மீட்டர் வெற்றிடம் இருந்தால்தான் அவர் தரையில் மோதாமல் தொங்குவார். முதல் மாடியில், 3 மீட்டர் உயரத்தில், கால்மட்டத்தில் கொக்கியை மாட்டிய தொழிலாளி பெல்ட்டோடு சேர்ந்தே தரையில் மோதுவார். அங்கே அவரைக் காக்கக்கூடியது விளிம்பில் இருக்கும் கைப்பிடிதான். தொங்கியவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்குவதற்கு ஏற்பாடு இல்லாவிட்டால் கால்களில் இரத்தம் தேங்கி அதுவே உயிருக்கு ஆபத்தாகும். பட்டை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் நிறுவனங்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் போட்டுப் பார்ப்பதில்லை.

அடுத்தது சென்ட்ரிங், அதாவது ஈரக் கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் பலகைகளும் முட்டுகளும். 15 சென்டிமீட்டர் கனமுள்ள தளம், கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 375 கிலோ எடையை முட்டுகளின் மீது வைக்கிறது. 100 சதுர மீட்டர் தளத்துக்கு இது 37 டன்னுக்கு மேல். கம்பி, ஆட்கள், வைப்ரேட்டரின் அதிர்வு, ஒரே இடத்தில் குவியும் கலவை ஆகியவை இதற்கு மேல். முட்டுகள் நேர் எடைக்குத் தாங்கினாலும் பக்கவாட்டில் அசையாதபடி குறுக்குக் கட்டு இல்லாவிட்டால் ஒன்று சாய்ந்ததும் அடுத்தடுத்து எல்லாம் சாயும். மழையில் நனைந்த மண்ணின் மேல் செங்கல் வைத்து நிறுத்திய முட்டு, தளம் போடும் நாளில்தான் தன் பலவீனத்தைக் காட்டும். அந்த நேரத்தில் மேலே பலர் நின்றிருப்பார்கள்.

சென்ட்ரிங்கைப் பிரிக்கும் அவசரமும் கொல்கிறது. ஐ.எஸ். 456 தரநிலை சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குத் தெளிவான நாட்களைச் சொல்கிறது. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகள் 7 நாள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் 14 நாள். உத்திரங்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். சென்ட்ரிங் தகடுகள் வாடகைக்கு வருபவை. ஒவ்வொரு நாளும் வாடகை ஏறுவதால் முன்கூட்டியே பிரிக்கும் ஆசை வருகிறது. முட்டு நிற்க வேண்டிய நாட்களுக்கான வாடகையை எஸ்டிமேட்டிலேயே முழுமையாகச் சேர்ப்பது, தளத்தில் பத்து எச்சரிக்கைப் பலகைகள் வைப்பதைவிடப் பயனுள்ள பாதுகாப்பு நடவடிக்கை.

குழி தோண்டும்போது மண் சரிவது இன்னொரு கொடிய விபத்து. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். மார்பளவு புதைந்தவர், தலை வெளியே இருந்தாலும், மூச்சை இழுக்க நெஞ்சு விரியாமல் இறந்துபோகலாம். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குப் பக்கச் சுவர்களைப் பலகையும் முட்டும் வைத்துத் தாங்க வேண்டும், அல்லது சரிவாக வெட்ட வேண்டும் என்பது விதி. தோண்டிய மண்ணைக் குழியின் ஓரத்திலேயே கொட்டக் கூடாது, 1.5 மீட்டர் அல்லது குழி ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அந்தத் தூரம் தள்ளிக் கொட்ட வேண்டும். பக்கத்து மனையின் மதில் ஓரமாக வானம் தோண்டும்போது, அந்த மதிலே அடித்தளம் இழந்து குழிக்குள் விழுந்த நிகழ்வுகள் நகரங்களில் பல.

மின்சாரத்தில் பெரிய தொழில்நுட்பப் புதிர் எதுவும் இல்லை. தண்ணீரில் கிடக்கும் ஒட்டுப்போட்ட வயர், தரை இணைப்பு இல்லாத மிக்சர், மாடியில் நீளக் கம்பியைத் தூக்கும்போது தொடும் உயரழுத்தக் கம்பி ஆகியவையே காரணங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒவ்வொரு தற்காலிக மின்பெட்டியிலும் இருந்தால் இவற்றில் பலவற்றைத் தவிர்க்கலாம். அதன் விலை ஒரு தளத்தின் செலவோடு ஒப்பிட மிகச் சிறியது.

புதிதாகக் கட்டிய சம்ப்பு எனும் நிலத்தடி நீர்த்தொட்டிக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் நிகழும் மரணங்களைப் பலர் அறிவதில்லை. இன்னும் பயன்பாட்டுக்கே வராத, கழிவே சேராத தொட்டிதானே என்ற நம்பிக்கையில் பலகை பிரிக்க ஒருவர் இறங்குகிறார். மேல்மூடி போட்டு வாரக்கணக்கில் மூடிக் கிடந்த அந்தத் தொட்டியில் ஈரப் பலகையும் தேங்கிய நீரும் மக்கி ஆக்சிஜனைத் தின்றிருக்கும். காற்றில் இயல்பாக 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே இறங்கினாலே உள்ளே போகக் கூடாது. 10-க்குக் கீழே போனால் மிக விரைவில் நினைவு தப்பிவிடும். முதலில் இறங்கியவர் விழுந்ததைக் கண்டு இரண்டாமவர் இறங்குவார், அவரைத் தொடர்ந்து மூன்றாமவர். உதவப் போனவர்களும் ஒரே குழியில் இறந்த செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஊதுகுழாய் வைத்துக் காற்று செலுத்துவது, ஆக்சிஜன் அளவு பார்ப்பது, இடுப்பில் கயிறு கட்டி மேலே ஓர் ஆள் நிற்பது ஆகிய மூன்றும் இருந்தால் போதும். இந்த ஒரு செய்தியைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சென்ட்ரிங் ஆளுக்கும் கொண்டு சேர்ப்பது அவசரமான பணி.

மௌலிவாக்கம்

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, பலத்த மழையின்போது சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் குடியிருப்புக் கட்டடம் முழுதாகச் சரிந்தது. 61 பேர் இறந்தனர். 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். இறந்தவர்களில் பலர் ஆந்திரத்தின் வட மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் ஊர்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். நீதிபதி ஆர். ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பக்கத்தில் அதே திட்டத்தின்கீழ் நின்ற இரண்டாவது கட்டடமும் பாதுகாப்பற்றது எனக் கண்டறியப்பட்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

மௌலிவாக்கத்தில் இறந்தவர்களில் எவரும் தலைக்கவசம் அணிந்திருந்தாலும் பிழைத்திருக்க முடியாது என்பதே அதன் முதன்மையான பாடம். அங்கே ஆபத்து இருந்தது தூண்களின் தாங்குதிறனில்; அதாவது வடிவமைப்பிலும், அதைச் சரிபார்த்திருக்க வேண்டிய மேசைகளிலும். இந்த விபத்துக்குப் பின் கட்டமைப்பு வடிவமைப்பைத் தனிப் பொறியாளர் மறுபரிசீலனை செய்வது பற்றிய பேச்சு வலுத்தது. 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன.

கட்டுப்பாடுகளின் வரிசை

பாதுகாப்பு மேலாண்மையின் அடிப்படைக் கொள்கை ஒரு வரிசை. முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள முறைக்கு மாற வேண்டும். அதுவும் இயலாதபோது ஆளுக்கும் ஆபத்துக்கும் இடையே தடுப்பு அமைக்க வேண்டும். பிறகே விதிமுறை, பயிற்சி, எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் கடைசியில் உடலில் அணியும் கருவி. இந்தியத் தளங்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. தலைக்கவசம் போடாதவருக்கு அபராதம் விதிக்கும் தளத்தில் லிஃப்ட் குழி திறந்தே கிடப்பதைக் காணலாம்.

சித்தாளின் தலைச்சுமையைக் கொண்டு இதைப் பார்க்கலாம். தலையில் சும்மாடு வைத்துப் பாண்டில் கலவை சுமக்கும் பெண்ணால் தலைக்கவசம் அணிய முடியாது. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை; வேலையின் அமைப்பே அவருக்குக் கவசத்தை மறுக்கிறது. சிறிய மின்தூக்கி ஒன்று வைத்தால் தலைச்சுமையும் போகும், கைப்பிடியில்லாத படியில் நூறு முறை ஏறி இறங்குவதும் போகும், கவசமும் அணியலாம். ஆனால் இயந்திரம் வந்ததும் பெண்களை வேலையை விட்டே அனுப்பிவிடும் வழக்கமும் உண்டு. மின்தூக்கியை இயக்கும் பயிற்சியை அவர்களுக்கே கொடுத்தால்தான் இந்த மாற்றம் நியாயமானதாக இருக்கும்.

ஆபத்தை ஏற்றுக்கொண்டு அதன் கீழே தடுப்பு விரிப்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். 1930-களில் அது கட்டப்பட்டபோது பாலத்தின் அடியில் வலை கட்டினார்கள். அது 19 பேரைக் காப்பாற்றியது. 1937 பிப்ரவரி 17 அன்று சாரம் ஒன்று அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் இறந்தனர். ஒற்றைத் தடுப்பை மட்டும் நம்ப முடியாது என்பதையும் அதே பாலம் காட்டியது.

சட்டமும் அதன் வரலாறும்

இந்தியாவில் கட்டுமானத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் வந்ததில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. 1979-இல் சென்னையில் தொடங்கிய நிர்மாண் மஸ்தூர் பஞ்சாயத்து சங்கம் இதற்காகத் தொடர்ந்து போராடியது. 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. தேசிய அளவில் 1980-களின் நடுவில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் உருவான பிரச்சாரக் குழு ஒன்றியச் சட்டம் கோரியது. அதன் பயனாக 1996-இல் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை நல வரி வசூலிக்கும் சட்டமும் வந்தன. நடைமுறையில் வசூலிக்கப்படுவது 1 சதவீதம். ஒன்றிய விதிகள் 1998-இலும் தமிழ்நாட்டு விதிகள் 2006-இலும் வெளியாயின. தமிழ்நாட்டில் பாதுகாப்பு விதிகளை அமல்படுத்தும் பொறுப்பு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துடையது.

1996-ஆம் ஆண்டுச் சட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளங்களுக்குப் பொருந்தியது. 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்புக் குழுவும் பாதுகாப்பு அலுவலரும் கட்டாயமாக இருந்தன. ஒன்றிய விதிகளின்படி 50 பேர் இருந்தாலே எழுத்து வடிவப் பாதுகாப்புக் கொள்கை வேண்டியிருந்தது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. பாதுகாப்பு அலுவலருக்கான வரம்பை அது கட்டுமானத்தில் 250 தொழிலாளராகக் குறைத்திருக்கிறது, இது முன்னேற்றம். ஆனால் தனிநபர் தம் குடியிருப்புக்காகக் கட்டும் வீட்டுக்கான விலக்கு ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.50 லட்சமாக உயர்ந்தது. சிற்றூர்களிலும் புறநகர்களிலும் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை இதனால் சட்டத்துக்கு வெளியே போகின்றன. அந்த வீடுகளிலும் இரண்டாம் மாடி உண்டு, சன்ஷேடு உண்டு, சம்ப்பு உண்டு.

நல வரியின் கதை வருத்தமானது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அமர்வு அளித்த தீர்ப்பின்போது, நாடு முழுவதும் வசூலான ஏறத்தாழ ரூ.37,400 கோடியில் சுமார் ரூ.9,500 கோடி மட்டுமே செலவாகியிருந்தது தெரியவந்தது. தொழிலாளர் பெயரில் மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்கிய மாநிலங்களை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. செலவாகும் தொகையில் பெரும்பகுதி, இயல்பாகவே, கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம், இறப்புக்குப் பிந்தைய உதவி ஆகியவற்றுக்குப் போகிறது. அவை தேவைதான். ஆனால் விபத்து நடந்தபின் குடும்பத்துக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கையாவது விபத்தைத் தடுப்பதற்குச் செலவிட்டால் என்ன என்ற கேள்விக்கு இடமிருக்கிறது. வாடகைக்குத் தரமான சாரம், நடமாடும் பயிற்சி வண்டி, ஆக்சிஜன் அளக்கும் கருவி போன்றவற்றை நல வாரியங்களே வட்டாரந்தோறும் வைத்திருக்கலாம்.

தளத்தில் நிர்வாகம்

நல்ல தளம் ஒன்றில் காலை வேலை தொடங்கும் முன் ஐந்து முதல் பத்து நிமிடம் எல்லோரும் கூடுகிறார்கள். அன்றைக்குச் செய்யப்போகும் வேலையில் எது ஆளைக் கொல்லக்கூடும் என்பதை மேற்பார்வையாளர் அவரவர் மொழியில் கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். வாசிக்கப்படும் பொது அறிவுரையால் பயன் குறைவு. இன்று மூன்றாம் மாடியின் வடக்கு விளிம்பில் கைப்பிடி கழற்றப்படும் என்ற தகவலால்தான் பயன். உயரத்தில் வேலை, நெருப்பு வேலை, மூடிய தொட்டிக்குள் வேலை, ஆழமான குழி, கனமான பொருள் தூக்குதல் ஆகியவற்றுக்குத் தனி அனுமதிச் சீட்டு முறை இருக்கும். சீட்டில் கையெழுத்திடுபவர் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்தபடி கட்டுக்கட்டாகக் கையெழுத்திட்ட சீட்டு எந்தத் தொழிலாளியையும் காக்காது.

மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளைப் பதிவு செய்வதும் முக்கியம். மேலிருந்து விழுந்த சுத்தியல் யார் மேலும் படாமல் போனால், அதைச் சொன்னவருக்குத் திட்டு விழுமா, நன்றி கிடைக்குமா என்பதைப் பொறுத்தே அடுத்த சுத்தியலின் கதி அமையும். ‘இத்தனை நாள் விபத்தில்லை’ என்று பலகை வைத்துப் பரிசு கொடுக்கும் வழக்கத்துக்கு ஒரு தீய விளைவு உண்டு: பலகையின் எண் கெடக் கூடாதென்று சிறு காயங்கள் மறைக்கப்படுகின்றன. மறைத்த காயங்களோடு அவை தரக்கூடிய முன்னெச்சரிக்கையும் போய்விடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலையை நிறுத்தும் அதிகாரம். பாதுகாப்பு அலுவலர் தளத் திட்ட மேலாளருக்குக் கீழே இருந்து, அவரிடமே சம்பள உயர்வும் எதிர்பார்த்தால், தளம் போடும் நாளில் முட்டு சரியில்லை என்று சொல்லி ரெடிமிக்ஸ் லாரிகளைத் திருப்பி அனுப்ப அவரால் முடியாது. அவர் தலைமை அலுவலகத்துக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். தொழிலாளிக்கும், ஆபத்தென்று கருதும் வேலையைக் கூலி இழக்காமல் மறுக்க வழி வேண்டும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டுமானத்தில் இருந்த அனல்மின் நிலையத்தில் உயரமான கட்டுமானம் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தது, பெரிய பொதுத்துறைத் திட்டங்களும் இத்தகைய விபத்துகளுக்கு விலக்கில்லை என்பதைக் காட்டியது.

பணத்தைப் பொறுத்தவரை ஹாங்காங் 1996-இல் தொடங்கிய முறை கவனிக்கத்தக்கது. அரசுப் பணிகளில் ஒப்பந்தத் தொகையில் சுமார் 2 சதவீதம் பாதுகாப்புக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டு, டெண்டர் போட்டிக்கு வெளியே வைக்கப்பட்டது. செய்து முடித்த பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு மட்டும் அந்தத் தொகை கொடுக்கப்படும். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற முறையில் முதலில் வெட்டுப்படுவது பாதுகாப்புச் செலவு என்பதால், அதைப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் பொதுப்பணி ஒப்பந்தங்களும் இதைப் பின்பற்றத் தடையேதும் இல்லை.

பிற நாடுகளின் அனுபவம்

சிங்கப்பூரின் மாற்றம் தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ளது. அங்குள்ள தளங்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஏராளம். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை அருகே மெட்ரோ பாதைக்காகத் தோண்டிய ஆழமான அகழ்வு சரிந்து 4 பேர் இறந்தனர். அதே ஆண்டில் மேலும் இரண்டு பெரிய விபத்துகள் நிகழ்ந்தன. நிக்கல் நெடுஞ்சாலையில் மண்ணின் நகர்வை அளக்கும் கருவிகள் முன்பே எச்சரித்திருந்தன. வடிவமைப்பிலும் தாங்குச் சட்டங்களின் இணைப்பிலும் பிழை இருந்தது என விசாரணை கண்டது. 2006 மார்ச்சில் புதிய வேலையிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டம் வந்தது. விபத்து நடந்தபின் தண்டிப்பதிலிருந்து, ஆபத்தை உருவாக்கியவரே முன்கூட்டி மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும் என்ற பொறுப்புக்கு அது சட்டத்தை நகர்த்தியது. அனைத்துத் தொழில்களையும் சேர்த்து 2004-இல் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 4.9 ஆக இருந்த மரண விகிதம் 2018-இல் 1.2 ஆனது. குற்றப்புள்ளி சேரும் ஒப்பந்தக்காரருக்குப் புதிய வெளிநாட்டுத் தொழிலாளரை அமர்த்தும் அனுமதி மறுக்கப்படுவது அங்கே அபராதத்தைவிடக் கூர்மையான ஆயுதம். கட்டுமானத் தளத்துக்குள் நுழையும் முன் முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடத்தப்படுகிறது. எனினும் தொழிலாளரைத் திறந்த லாரியின் பின்புறம் ஏற்றிச் செல்லும் வழக்கம் அங்கேயும் ஒழியவில்லை.

பிரிட்டன், ஐரோப்பியச் சமூகத்தின் 1992-ஆம் ஆண்டு ஆணையைப் பின்பற்றி 1994-இல் கட்டுமான வடிவமைப்பு மற்றும் மேலாண்மை விதிகளை இயற்றியது. 2015-இல் அவை மீண்டும் திருத்தப்பட்டன. கட்டடத்தின் உரிமையாளர், முதன்மை வடிவமைப்பாளர், முதன்மை ஒப்பந்தக்காரர் மூவருக்கும் தனித்தனிக் கடமைகள் உண்டு. ஒரு கண்ணாடிச் சன்னலை எதிர்காலத்தில் எப்படித் துடைப்பார்கள் என்பதைக்கூட வரையும்போதே யோசிக்க வேண்டியவர் கட்டடக் கலைஞர். லண்டன் 2012 ஒலிம்பிக் அரங்குகள் ஒரு மரணமும் இல்லாமல் கட்டி முடிக்கப்பட்டன. பெருங்கட்டுமானம் என்றால் சில உயிர்கள் போகத்தான் செய்யும் என்ற பழைய எண்ணத்தை அது பொய்யாக்கியது.

தங்குமிடமும் உடல்நலமும்

மௌலிவாக்கம் விபத்துக்கு எட்டு நாள் கழித்து, 2014 ஜூலை 6 அன்று, திருவள்ளூர் மாவட்டத்தில் செங்குன்றம் அருகே மதில் சுவர் சரிந்து அதையொட்டிய குடிசைகளில் தங்கியிருந்த ஆந்திரக் கட்டுமானத் தொழிலாளர் 11 பேர் இறந்தனர். 2019 ஜூன் 29 அன்று புனேயின் கோந்த்வாவில் இதே போன்ற விபத்தில் 15 பேர் இறந்தனர். இருவேறு மாநிலங்களில் ஒரே விதமான மரணம்: மழைக்காலம், மதில், அதை ஒட்டிய தகரக் கொட்டகை. தற்காலிகத் தங்குமிடத்தை இலவசமாகக் கொடுப்பது சட்டப்படி முதலாளியின் கடமை. அது எங்கே அமைய வேண்டும் என்பதையும் பாதுகாப்புத் திட்டத்தின் பகுதியாகவே பார்க்க வேண்டும்.

விபத்தாகப் பதிவாகாத கேடுகளும் உண்டு. கல்லும் கான்கிரீட்டும் அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துச் சிலிக்கோசிஸ் நோயாக வெளிப்படும். காசநோய் என்று எண்ணி மருந்து கொடுக்கப்படுவதும் உண்டு. அறுக்கும் இடத்தில் தண்ணீரைப் பாய்ச்சினால் தூசி பெருமளவு அடங்கும். ஈரச் சிமெண்ட் கைகளை அரித்துப் புண்ணாக்கும். தமிழ்நாட்டின் ஏப்ரல், மே மாத வெயிலில் கம்பி கட்டுபவர் தொடும் இரும்பே சுடும். நண்பகல் வேலையை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றுவது, நிழலும் குடிநீரும் கொடுப்பது, புதிதாக வந்தவரை முதல் சில நாள் குறைந்த நேரம் வேலை வாங்கிப் பழக்குவது ஆகியவை செலவு குறைந்த, உயிர் காக்கும் ஏற்பாடுகள்.

சிறு தளங்கள்

பெரு நிறுவனங்களின் தளங்களில் இன்று ஓரளவு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. ஐந்தாறு பேர் சேர்ந்து வீடு கட்டும் தளத்தில் எதுவும் இல்லை. அங்கே மேஸ்திரியே பொறியாளர், மேற்பார்வையாளர், பாதுகாப்பு அலுவலர். அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதைவிட, பயிற்சியின் முதல் மாணவராகப் பார்ப்பதே பயன் தரும். ஒரு மேஸ்திரி மாறினால் அவரோடு ஊர் ஊராகப் போகும் குழு முழுவதும் மாறும்.

அரசு இந்தத் தளங்களை ஒருமுறையாவது தொடுகிறது. வரைபட அனுமதிக்கு உரிமையாளர் உள்ளாட்சி அலுவலகத்துக்கு வரும்போது நல வரியும் அங்கேயே வசூலாகிறது. அந்தச் சந்திப்பிலேயே முட்டு நிற்க வேண்டிய நாட்கள், சாரத்தின் கைப்பிடி, சம்ப்பில் இறங்கும் முறை, மின்கசிவுத் துண்டிப்பான் ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் படத்தோடு அச்சிட்டுக் கொடுத்து, அனுமதியின் நிபந்தனைகளாகவும் சேர்க்கலாம். இத்தளங்களில் நிகழும் மரணங்கள் பெரும்பாலும் காவல் நிலையப் பதிவோடு நின்றுவிடுகின்றன. அந்த முதல் தகவல் அறிக்கையின் நகல் தாமதமின்றித் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் நல வாரியத்துக்கும் போகும்படி செய்தால், எந்த வட்டாரத்தில், எந்த வேலையில், எந்த மாதத்தில் ஆட்கள் இறக்கிறார்கள் என்பது ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டின் பயிற்சி வண்டியை எந்த ஊருக்கு முதலில் அனுப்புவது என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டு முடிவு செய்யலாம்.